எண்பது பூஜ்ஜியங்களுக்குப் பின்னால்

இன்னும் ஒரு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம் என்று டயாலிசிஸ் இயந்திரம் காட்டுகிறது. இந்த அறையில் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஒரே ஆள் அதுதான். இவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார், தூங்கவில்லை, தூங்கினால் வாய் லேசாகத் திறந்துவிடும், குறட்டை வருவதற்கு முன்னால் மூக்கு ஒரு தரம் சுருங்கும், இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுக்கிற எனக்கா தெரியாது. பேச்சைத் தவிர்க்கிறார். தவிர்க்கட்டும். பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் மாடியில் குழு உட்காரும், ஐந்து பேர், வீடியோ எடுப்பார்களாம், என்னை முதலில் கேட்பார்கள், அம்மா நீங்கள் மனசாரத்தான் உங்கள் கிட்னியைக் கணவருக்குக் கொடுக்கிறீர்களா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று. என்னை யார் கட்டாயப்படுத்த முடியும், நான்தான் எட்டு மாதமாக இவரைக் கட்டாயப்படுத்திக்கொண்டு இருக்கிறேன். அப்புறம் இவரைக் கேட்பார்கள். ரத்தம் பொருந்திவிட்டது, காகிதமெல்லாம் ஆகிவிட்டது, தாசில்தார் கையெழுத்து வரைக்கும் வாங்கியாகிவிட்டது, பாக்கி இருப்பது இவர் வாயிலிருந்து ஒரு சம்மதம். காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார், "அங்க நான் என்ன சொல்லோணுமோ அதை நானே சொல்லிக்கறேன், நீ சொல்லிக் குடுக்காத." அவ்வளவுதான். அந்த இட்லியை முழுசாகச் சாப்பிடக்கூட இல்லை. சம்மதம் என்று சொல்லப்போகிறவர் அப்படியா சொல்வார்? வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்தான் அப்படிச் சொல்வார். இல்லை, இவர் எதையுமே அப்படித்தான் சொல்வார், காபி வேண்டும் என்பதைக்கூட யாருடனோ சண்டை போடுகிற மாதிரிதான் கேட்பார். அப்படியானால் அந்த இட்லி? ஏன் பாதி இட்லி?

மடிக்கணினி மடியில் சுடுகிறது, அறையோ ஏசியில் விறைக்கிறது, எட்டுக் கட்டிலிலும் எட்டுப் பேர் போர்வைக்குள் இருக்கிறார்கள். காலை ஏழரைக்கே மரகதம் மேடம் போன் செய்துவிட்டார். நான் வேலை பார்க்கிற கல்லூரியில் நூலகம் அவருடையது, அவருடையது என்றுதான் அவரே சொல்வார். "சுலோச்சனா மேடம், புத்தகம் குடுக்கறது வாங்கறது ஒண்ணும் பதிவாக மாட்டீங்குது, அனுமதி இல்லைன்னு வருதுங்க, வாசல்ல பசங்க வரிசையில நிக்கறாங்க." நேற்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் நூலகத்துச் சர்வரைப் புது விலாச முறைக்கு மாற்றியது நான்தான். மாற்றியது என்றால் பழசை ஒழித்தது இல்லை, புது விலாசக்காரர்கள், பழைய விலாசக்காரர்கள் இரண்டு பேரையும் ஒரே வாசலில் உள்ளே விடுகிற மாதிரி வைத்தேன். நூலகத்தில் இருக்கிற பன்னிரண்டு கணினியும் பழசு, புது விலாசம் என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது. அதனால் என்ன, பழைய விலாசத்தோடு வந்தாலும் சர்வர் புரிந்துகொள்ளும், அதற்குத்தானே வழி இருக்கிறது. யார் யாரை உள்ளே விடலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே எழுதியது, பன்னிரண்டு வரி. அந்தப் பட்டியலைத் தொடவே இல்லை. தொடாத ஒன்று எப்படிக் கெடும்? வரியெல்லாம் சரியாக இருக்கிறது. யார் வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கிற பதிவேட்டில் மட்டும் மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது என்று திரை நிறைய. இன்றைக்குப் பார்த்தா இந்தச் சொல் என் கண்ணில் விழ வேண்டும்.

யாரிடமும் எதையும் வாங்க மாட்டார், அதுதான் இவருடைய வியாதி, கிட்னி எல்லாம் அப்புறம் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் நல்ல மழை, சென்னிமலை அடிவாரத்தில் நிற்கிறோம், கடைக்காரர் குடையை நீட்டுகிறார், வாத்தியாரே கொண்டுபோங்க, நாளைக்குக் குடுத்தாப் போதும் என்று. இந்த மனுஷன் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு என்னையும் நனைய வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். புதுப்புடவை, பச்சை, சாயம் இறங்கி இடுப்பெல்லாம் பச்சையாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு வீட்டில் துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, பச்சையாக இருந்த என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பீட்டி வாத்தியார், பள்ளிக்கூடமே அந்த விசிலுக்கு நடுங்கும், சிரித்தால் மட்டும் பச்சைக்குழந்தை. மகள் இனியா கோயம்புத்தூரிலிருந்து வந்து, அப்பா நான் தருகிறேன், எனக்குத்தான் வயசு குறைச்சல் என்றபோது சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "என்ற வீட்டுப் பொம்பளைங்க வயித்த வரிசையாக் கிழிச்சுத்தான் நான் உசுரோட இருக்கோணுமா?" அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷனை இந்த வருஷத்தைத் தாண்ட விடாதீங்கம்மா, இருதயம் களைத்துக்கொண்டே வருகிறது என்றார். இவரிடம் அதைச் சொல்லவில்லை, சொன்னால் சரி என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்வார், தெரியும் எனக்கு. இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்க மனசு யாருக்கு இருக்கும்? அப்புறம் வாரம் மூன்று நாள் இந்தக் கட்டில், இந்த இயந்திரம். அப்புறம் ஒரு நாள் கட்டிலில் வேறு ஆள். அந்த மூலைக் கட்டிலில் போன மாதம் வரைக்கும் பவானிக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். இப்போது வேறு ஆள்தான். அவரைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, நாங்களும்தான்.

ரத்தம் போகிற குழாயை விரலால் தொட்டுப் பார்க்கிறேன், யாரும் பார்க்காதபோது தொடுவது என் வழக்கம். வெதுவெதுப்பாக இருக்கிறது. இவர் வெளியே வந்து என் விரலடியில் ஓடிவிட்டு மறுபடி இவருக்குள்ளேயே போகிறார். முதல் நாள் இதைத் தொட்டபோது அழுதுவிட்டேன், இப்போது அழுகை வருவதில்லை, காலையில் கையைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. சரி, வேலையைப் பார். பட்டியலில் முதல் வரி 10.20.4.17. மரகதம் மேடத்தின் மேஜைக் கணினி. மேடத்தின் மேஜையிலேயே மறுக்கிறது என்றால் சும்மா இருப்பாரா அவர். சர்வரை ஒரு தரம் நிறுத்திக் கிளப்பியாகிவிட்டது. கம்பி சரியாக இருக்கிறது. கேட்டால் பதில் வருகிறது. பட்டியலை மறுபடி படிக்கிறேன். ஜெனிட்டா சிஸ்டர் வந்து இவருடைய பிரஷரைப் பார்த்து எழுதிக்கொண்டு, "அக்கா, நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், எல்லாரிடமும் இதையே கேட்பாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், அந்த ஐந்து பேருக்கு முன்னால் அழுவேனா, சண்டை போடுவேனா, இவர் சட்டையைப் பிடிப்பேனா? பிடித்தாலும் பிடிப்பேன். வீடியோவில் பதிவாகட்டும். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். கணவன் பேரில் கொள்ளை ஆசை வைத்திருப்பது இந்த வயதில் வெளியே சொல்கிற விஷயமா என்ன, ஆனால் வைத்திருக்கிறேன், அதுதான் இத்தனை கோபமும். மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.

"என்னத்தப் புள்ள அத்தன நேரமா முறைச்சுப் பாத்துட்டே இருக்கற?" கண்ணைத் திறந்துவிட்டார். நான் வேலை என்றேன். "காட்டு," என்றார். இத்தனை வருஷத்தில் என் வேலையைக் காட்டு என்று இவர் கேட்டது இது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ. ஊசி குத்தாத கைப்பக்கம் கணினியைத் திருப்பினேன். இடது பாதியில் பட்டியல், வலது பாதியில் பதிவேடு. "இந்தப் பக்கம் இருக்கறவங்கள உள்ள விடோணுமுங்க. எல்லாரும் சரியாத்தான் இருக்கறாங்க. அந்தப் பக்கம் யாரோ வந்து தட்டறாங்க, விட மாட்டீங்குது. அது யாருன்னு பாக்கறேன்." கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார், கண்ணாடி பையில் இருக்கிறது, கேட்க மாட்டாரே. ஓட்டப் பந்தயத்தில் நெஞ்சில் குத்திய நம்பரைத் தூரத்திலிருந்தே படிக்கிற கண். "யாரு என்ன யாரு? இவனேதான அவன். முன்னால என்னமோ கோணல் மாணலா இருக்குது, கடைசில பாரு, பத்து, இருபது, நாலு, பதினேழு. இங்கயும் அதே பத்து, இருபது, நாலு, பதினேழு." நான் பார்த்தேன். ::ffff:10.20.4.17 என்று இருந்தது. காலையிலிருந்து இருநூறு தடவை அதன் மேலேயே என் கண் ஓடியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகவே சிரித்துவிட்டேன், அடுத்த கட்டில் ஐயா போர்வையை விலக்கிப் பார்த்தார். இந்தத் தொழிலில் பத்தொன்பது வருஷம் இருக்கிற ஒருத்திதான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அவ்வளவு நன்றாகத் தெரியும், அதனால் அவை வேறு வேறாக எழுதப்பட்டிருப்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டியலை ஒப்பிடுகிற நிரலுக்கு அந்த அறிவு கிடையாது, எழுத்துக்கு எழுத்து பார்க்கிறது, ஒத்துப்போகவில்லை, போ வெளியே என்கிறது.

"அப்ப முன்னால இருக்கற அந்தக் கோணல்மாணல் என்னது?" என்றார். சொல்லலாமா என்று யோசித்தேன், களைத்துவிடுவார், ஆனால் கேட்கிறாரே, இயந்திரத்தில் நாற்பத்தெட்டு நிமிடம் இருக்கிறது, மூன்றாம் மாடியைப் பற்றிப் பேசாமல் இருக்க இதுவாவது இருக்கட்டும். "பழைய விலாசம் சின்னதுங்க, முப்பத்திரண்டு கட்டம்தான். ஊர் உலகத்துல மெஷின் பெருகிப்போச்சு, விலாசம் பத்தலை. அதனால நூத்தி இருபத்தெட்டுக் கட்டத்துல புதுசு கொண்டாந்தாங்க. பழசு வெச்சிருக்கறவன் வந்தா, புதுசுல அவனை எப்படி எழுதறது? முதல்ல எண்பது பூஜ்ஜியம் போட்டுருவாங்க. அப்புறம் பதினாறு ஒண்ணு. சுருக்கி எழுதினா அதுதான் நீங்க சொல்ற கோணல்மாணல். அதுக்குப் பின்னால பழைய விலாசம் அப்படியே இருக்கும்." "அப்படியேன்னா?" "அப்படியேதானுங்க. ஒரு புள்ளி மாறாது. வர்றவனுக்குத் தன்னை இப்படி எழுதிக்கிட்டாங்கன்னுகூடத் தெரியாது, அவன் பாட்டுக்குப் பழைய மாதிரியே வந்துட்டுப் போவான். மெஷின் உள்ளார, தன் வசதிக்கு எழுதி வெச்சுக்கறது அது." அவர் மேலே மின்விசிறி இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒப்பிடுகிற நிரலில் ஒரு வரி சேர்க்கத் தொடங்கினேன், முன்னால் இருப்பதைக் கழற்றிவிட்டுக் கடைசி முப்பத்திரண்டை மட்டும் பார் என்று. "அப்ப," என்றார், குரல் வேறு மாதிரி இருந்தது, "புதுசு வெக்கறதுக்காகப் பழசை எடுத்து வெளிய போடறதில்லையா?" இல்லையே என்றேன், எழுதிய வரியைச் சர்வரில் ஏற்றிக்கொண்டே. அப்புறம்தான் அவர் கேட்டது கணினியைப் பற்றி இல்லை என்று எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் ஜெனிட்டாவைக் கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன். ஆப்பரேசன்ல என்னுதை வெட்டி எடுத்து என்ன பண்ணுவாங்க?" அவள் இயந்திரத்தின் குழாயைச் சரிசெய்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள், "உங்களுக்குள்ளதையா சார்? அத எதுக்கு எடுக்கணும்? ரெண்டும் முதுகுப் பக்கம் இருந்த இடத்துலேயே கிடக்கும். அக்கா தர்றதை முன்னால கீழ வயித்துல வெப்பாங்க. சிலருக்கு மட்டும்தான் எடுக்க வேண்டி வரும், உங்களுக்கு அது இல்ல, டாக்டர் எழுதியிருக்காங்களே." எழுதியிருக்கிறார். நானும் படித்திருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னாலேயே படித்திருக்கிறேன்.

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனபிறகு சொன்னார். என்னைப் பார்க்காமல், கூரையிடம்தான் சொன்னார். "அய்யனுக்குக் கால் எடுத்தாங்கல்ல." தெரியும், மாமனாருக்குச் சர்க்கரை வியாதி, எங்கள் கல்யாணத்துக்கு ஐந்து வருஷம் முன்னால், கல்யாணப் படத்தில்கூட நாற்காலியில் உட்கார்ந்து போர்வை போர்த்திக்கொண்டிருப்பார். "எடுத்த காலை என்ற கையில குடுத்தாங்க புள்ள. துணியில சுத்தி, பாலித்தீன் பையில போட்டு, ஒரு கையெழுத்து வாங்கிட்டு, கொண்டுபோய்ப் பொதைச்சுருங்கன்னாங்க. எனக்கு இருபத்திநாலு வயசு. பஸ்ஸுலதான் கொண்டுபோனேன். மடியில வெச்சிருந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, என்ன தம்பி, கறியான்னு கேட்டுது. ஆமாங்கன்னுட்டேன்." நான் கணினியை மூடிவிட்டேன். "தோட்டத்துக் கோடியில பொதைச்சேன். அய்யன்கிட்டச் சொல்லலை, அவரும் கேக்கலை. அந்தக் கனம் இருக்குது பாரு, அது இன்னும் இங்க இருக்குது," என்று தொடையைக் காட்டினார். "என்னுதை ரெண்டையும் எடுத்தா அதே மாதிரிதான் குடுப்பாங்கன்னு நெனைச்சுட்டேன். அன்னைக்கு நீயும் உள்ள கிடப்ப, நானும் உள்ள கிடப்பேன். வெளிய ஆரு நிப்பா சொல்லு? இனியாதான் நிப்பா. அவ கையிலயா குடுப்பாங்க? அந்தப் பைய அவ எங்க கொண்டுபோவா? அதுக்கு நான் இப்படியே போயிடறேன்னுதான் இருந்தேன்." எட்டு மாதம். இந்த மனுஷன் எட்டு மாதமாக இதை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார், நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு குடையையும் வீம்பையும் நினைத்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரியுமே. உங்களுடையதைத் தொடவே மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். தெரிந்ததை எல்லாருக்கும் தெரிந்ததாகவே எடுத்துக்கொண்டேன், சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. இருபத்திநாலு வயசுப் பையன் மடியில் பையை வைத்துக்கொண்டு ஆமாங்க கறிதான் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது எனக்குத் தெரிகிறது, அவன் முகம் தெரிகிறது, அவனை நான் பார்த்ததே இல்லை. "என்னை மன்னிச்சுக்கோங்க," என்றேன். "நீ என்ன பண்ணுன?" என்றார். ஒன்றும் பண்ணாததுதான். போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன், மூடியிருந்த காலைத்தான் மறுபடி மூடினேன்.

மரகதம் மேடத்திடமிருந்து செய்தி வந்தது, பதிவாகிறதாம், என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார் என்று எழுதினேன். நம்ப மாட்டார், நம்பாவிட்டால் போகட்டும். இயந்திரம் மணியடித்தது. ஜெனிட்டா வந்து குழாயைக் கழற்றி, கையிலிருந்த முதல் ஊசியை உருவிப் பஞ்சை வைத்தாள். ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் பீறிடும். எல்லாக் கட்டிலிலும் கூட வந்தவர்கள்தான் பிடிப்பார்கள். இவர் பிடிக்க விட்டதே இல்லை, இரண்டு வருஷமும் தன் விரலாலேயே, விசில் வாயில் இருக்கிற மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு, தானே பிடித்துக்கொள்வார். இன்றைக்கு ஜெனிட்டா பஞ்சை வைத்ததும் அவர் மற்றக் கையைக் கொண்டுவரவில்லை. கையை அப்படியே என் பக்கம் நீட்டினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், "பிடி புள்ள, கொட்டீரும்," என்றார். ஜெனிட்டா கொடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு பிடித்தேன். "பலமா அழுத்தாதீங்க அக்கா, ஓட்டம் அடைச்சிடும், மெல்ல," என்று விரலை வைக்கச் சொல்லித் தந்தாள். பஞ்சுக்குக் கீழே தோலுக்கடியில் ரத்தம் சுர்ரென்று அதிர்ந்துகொண்டு ஓடுகிறது. குழாயில் இப்படி இல்லை. மணி பதினொன்றரை. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டுவிடலாமா, கேட்டால் ஏதாவது கோணலாகச் சொல்லிவிட்டால், கேட்காமலே மேலே போனால், "சுலோ," என்றார். என்னங்க என்றேன். "அவங்க கேட்டா, வாங்கிக்கறேன்னு சொல்லிப்போடறேன்." தலையை ஆட்டினேன். அவர் என் வயிற்றுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், "எந்தப் பக்கம் எடுப்பாங்க உனக்கு?" என்றார். இடது பக்கமுங்க என்றேன். "வலிக்குமே," என்றார், அப்போதுதான் அவருக்குக் கண் நிறைந்தது, துடைக்க ஒரு கை சும்மாதான் இருந்தது, துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை, எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது. நிமிடத்தை எண்ண வேண்டும் என்பதே மறந்துவிட்டது. இரண்டாவது ஊசியையும் எடுத்து, அந்தப் பஞ்சையும் என்னிடமே விட்டுவிட்டுப் போன ஜெனிட்டா, மூலைக் கட்டில் வரைக்கும் போய்த் திரும்பி வந்து என் தோளைத் தொட்டாள். "அக்கா, ரத்தம் எப்பவோ நின்னுட்டு. விடுங்க." விடுகிறேன், இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.